இரண்டு தரம் தட்டினால்

தன் கையால் தைத்த திரைச்சீலை கால்மிதியாகக் கிடப்பதைப் பார்த்ததும் கிஸ்லேனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

மஞ்சள் கட்டம் போட்ட துணி. ஓரத்தில் வெள்ளை நூல் தையல். அதை நான்காக மடித்து வெள்ளை கேரவனின் மடக்குப் படியில் போட்டிருந்தார்கள். மேலே ஈரச் செருப்பின் தடம்.

"அம்மா, வண்டியை ஓரமா எடு. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறோம்," என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த க்ளேலியா.

"பார்த்தியாடி அதை?"

"பார்த்தேன்."

"உன் சித்தி அதுல கால் துடைக்கறா."

"துணிதானே அம்மா."

துணிதானாம்! அந்தத் துணிக்காக நெவேர் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கியது யார்? விரலில் ஊசி குத்திக்கொண்டது யார்? கிஸ்லேன் ஸ்டீயரிங்கை ஒடித்து, பஸ் அளவுக்கு இருந்த ஒரு ஜெர்மன்காரரின் வண்டிக்குப் பின்னால் தன் கிழட்டு கேரவனைக் கொண்டுபோய் மறைத்தாள்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வசந்த காலத்தில், கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிஸ்லேன் வீடு திரும்பினாள். முற்றத்தில் கேரவன் இல்லை. வீட்டில் புருஷன் ரெஜிஸ் இல்லை. அடுத்த தெருவில் தங்கை மரிவோன் இல்லை. மூன்றும் ஒரே நாளில், ஒரே சாலையில் போயிருந்தன.

அவள் அழுது ஓய்வாள் என்று ஊர் எதிர்பார்த்தது. கட்டுப் பிரித்த மறுவாரமே கிஸ்லேன் ஒரு பழைய கேரவனை வாங்கினாள். துருப்பிடித்த கதவு, இருமிக்கொண்டே கிளம்பும் இஞ்சின். "எங்கேம்மா போறே?" என்று கேட்ட மகள், அம்மா போகிற கோபத்தில் ஏதாவது செய்து வைக்கப் போகிறாளே என்ற பயத்தில் மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

ஓடிப்போனவர்களை எப்படிக் கண்டுபிடித்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? தேடவே இல்லை. பிரான்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்து, எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எங்கே ரொட்டி நன்றாக இருக்கும், எந்தப் பாலம் கேரவனின் உயரத்துக்குத் தாழ்வு என்று பார்த்துப் பார்த்துக் கோத்தவள் அவள். ரெஜிஸ் தலையாட்டியதோடு சரி. இப்போது அந்த மனிதர் அதே வழியில், அதே வரிசையில், பக்கத்தில் தங்கையை உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அவள் கோத்த வரிசையில் அடுத்த ஊர் எதுவோ, அங்கே போனால் ஆள் இருப்பார்.

இரண்டு ஊர்களில் நூலிழையில் தவறவிட்டாள். அல்பியில் பிடித்துவிட்டாள்.

"மேடம்! மேடம்! வலப்பக்கம் இறங்கியிருக்கு!"

ஜன்னலுக்குக் கீழே ஒரு வழுக்கைத் தலை. இரண்டு கையிலும் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற ஆப்புக் கட்டைகள். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒருவர் இப்படி எல்லா ஊரிலும் இருப்பார். அல்பியில் அவர் முசியே எஸ்கான்ட், அதாவது எஸ்கான்ட் ஐயா.

"இப்படியே விட்டீங்கன்னா சூப்பு தட்டுல ஒரு பக்கமாத்தான் நிக்கும். கொஞ்சம் முன்னால வாங்க... வாங்க... ஆங், போதும்! என்னது, பின்னால ஒளிஞ்சு நிக்கறீங்க? அங்க ஆத்தைப் பார்த்த மாதிரி இடம் காலியா இருக்கே?"

"வெயில் ஆகாது எனக்கு."

"வெள்ளை வண்டி மத்தியானம் கிளம்பிடும். அதுக்கப்புறம் அந்த நிழலுக்குப் போயிடுங்க." எஸ்கான்ட் குரலைத் தாழ்த்தினார். "மனுஷன் நல்லவர்தான். காரோட்டக் கத்துக்குடுக்கற பள்ளிக்கூடம் வெச்சிருந்தாராம். ஆனா வண்டிக்குள்ள கழிவு சேர்ற கக்கூஸ் பெட்டியை மட்டும் கையால தொட மாட்டார். அந்தம்மாதான் காலி பண்ணப் போகணும். கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, பொணத்தை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி போவாங்க. நாங்கெல்லாம் அதுக்குன்னே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிறோம்!"

பல மாதங்களுக்குப் பிறகு கிஸ்லேனுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அந்தப் பெட்டியைக் கல்யாண வாழ்க்கை முழுக்கத் தூக்கியவள் அவள் அல்லவா! தூக்குடி அம்மா, நன்றாகத் தூக்கு என்று மனசுக்குள் வாழ்த்தினாள்.

எஸ்கான்ட் போனதும் க்ளேலியா மெதுவாக ஆரம்பித்தாள். "நான் அப்பாவை ஒரு தடவை பார்த்துப் பேசறேன்."

"என்ன பேசுவே?"

"அம்மா வந்திருக்கா, முகத்துக்கு நேரா வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு."

"வார்த்தையா? அவன் வார்த்தையை எடுத்துக்கிட்டு நான் என்ன பண்றது, ஊறுகா போடறதா? அவன் போட்ட சட்டையோட நடுத்தெருவுல நிக்கணும். அவளும் நிக்கணும். ஊர் பார்த்துச் சிரிக்கணும்."

"சரி, நின்னாச்சு. ஊரும் சிரிச்சாச்சு. அப்புறம் நீ என்ன பண்ணுவே?"

கிஸ்லேன் குரலை உயர்த்தினாள்.

"இங்க பாரு க்ளேலியா. ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. அந்த வண்டிப் படியில நீ கால் வெச்சேன்னா, என் வண்டியில உனக்கு இடமில்ல. அவ்வளவுதான்."

மகள் கூடையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "ரொட்டி வாங்கிட்டு வரேன்."

"ஜிம்ப்லெட்டும் வாங்கு," என்றாள் கிஸ்லேன், குரல் கொஞ்சம் இறங்கி. வளையம் வளையமாக, சோம்பு வாசத்தோடு அந்த ஊரில் செய்கிற பிஸ்கட். க்ளேலியாவுக்குப் பிடிக்கும். மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கிஸ்லேனின் பையில் ஒரு சாவி இருந்தது, வெள்ளை கேரவனின் மாற்றுச் சாவி. திட்டம் ரொம்பச் சின்னது. அவர்கள் இரண்டு பேரும் ஊர் பார்க்கப் போன நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவது. மாற்றுத் துணி, மருந்து, படுக்கை எல்லாம் வண்டியோடு போகட்டும். ரெஜிஸின் பல்செட்டு டப்பாகூட உள்ளேதான் இருக்கும். அதை நினைக்க அவளுக்கு ஆனந்தமாக இருந்தது.

அவர்கள் உண்மையாகவே போய்விட்டார்களா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மேட்டுப் பாதையில் ஏறி, சிவப்புச் செங்கல் சந்துகளுக்குள் நுழைந்தாள். சந்தைக் கட்டடத்து வாசலில் முள்ளங்கி விற்கிறவள் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. தலைக்கு மேல் பேராலயம் கோட்டை மாதிரி நின்றது. எங்கே இருப்பார்கள் என்று யோசிக்க அவசியமே இல்லை. 'அல்பியில் முதலில் தீர்ப்பு நாள் சித்திரம், அப்புறம்தான் சாப்பாடு' என்று வகுத்தவள் அவள்தானே.

உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். மேற்குச் சுவர் முழுக்க, தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் உயரம் வரை, கடைசித் தீர்ப்பு நாள். கீழ் வரிசையில் பாவிகள். கள்ளக் காமத்துக்குக் கந்தகக் குழி. பொறாமைக்கு உறைந்த ஆறு. கிஸ்லேன் ரெஜிஸைக் கந்தகத்தில் இறக்கினாள். மரிவோனை முதலில் ஆற்றில் அமுக்கி, பிறகு யோசித்து, அவளையும் கந்தகத்துக்கே மாற்றினாள். அதற்குப் பக்கத்தில் கோபக்காரர்களைக் கசாப்பு மேஜையில் போட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போனாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் ரெஜிஸின் குரல் கேட்டது.

"பார்த்தியா மரிவோன், நடுவுல தீர்ப்பு சொல்ற ஆண்டவனையே காணோம். பின்னால ஒரு சின்ன ஆலயம் கட்டறேன்னு சுவரை உடைச்சுட்டாங்க. தண்டனையெல்லாம் இருக்கு, நீதிபதி போயிட்டாரு!"

கிஸ்லேன் தூணைப் பிடித்துக்கொண்டாள். இது அவள் சொன்னது! குளிர்காலத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, அவள் சொன்ன அதே வார்த்தைகள். அந்தக் கேலியைக்கூட அவன் அவளிடமிருந்து எடுத்திருந்தான்.

"கால் வலிக்குது ரெஜிஸ்," என்றாள் மரிவோன். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள். அழகிதான், யார் இல்லையென்றது. "குளிருது வேற. எவ்வளவு நேரம் சுவரையே பார்க்கறது?"

"கிஸ்லேனா இருந்தா ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருப்பா."

"அப்ப அவகிட்டயே போ."

"சும்மா சொன்னேன்."

"சும்மா சும்மா அவ பேரு வருதே. நேத்து காப்பி, முந்தாநாள் படுக்கை விரிப்பு, இன்னைக்கு ஸ்வெட்டர்."

தூணுக்குப் பின்னால் நின்றவளுக்கு இதைக் கேட்டு மனம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். குளிரவில்லை, கொதித்தது. ஸ்வெட்டர் தூக்குகிற ஆளாகத்தானா இத்தனை வருஷம் இருந்தேன்? அவள் மனைவி என்ற ஞாபகம் அவனுக்கு வரவில்லை. ஸ்வெட்டருக்குத்தான் அவள் ஞாபகம் வந்தது.

விறுவிறுவென்று கீழே இறங்கி வந்தாள். வெள்ளை கேரவனின் கதவில் சாவியைச் செருகினாள். திரும்பவில்லை. மறுபடி செருகினாள். முன்பக்கக் கதவிலும் போட்டுப் பார்த்தாள்.

பூட்டை மாற்றியிருக்கிறான்! திரையை மாற்றினான், பூட்டை மாற்றினான், பெண்டாட்டியை மாற்றினான். போகிற வழியை மட்டும் மாற்றத் துப்பில்லை.

கால்மிதியாகக் கிடந்த திரைச்சீலையை எடுத்து உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனாள். கதவைச் சாத்தி உட்கார்ந்து, அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். செருப்பு மண் உதட்டில் ஒட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. வெளியே பேச்சுச் சத்தம் வந்தது, கதவு திறந்தது, பாத்திரம் உருண்டது. வெங்காயமும் வாத்துக் கொழுப்பும் வதங்குகிற வாசனை காற்றில் வந்தது. அவர்கள் திரும்பி வந்து சாப்பிடுகிறார்கள். க்ளேலியாதான் இன்னும் ரொட்டியோடு வரவில்லை. கோபத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பாள், பசித்தால் வருவாள் என்று கிஸ்லேன் விட்டுவிட்டாள்.

பிறகு கடகடவென்று ஒரு சத்தம். சின்னச் சக்கரங்கள் சரளைக் கல்லில் உருளும் சத்தம். கிஸ்லேனுக்கு அது எந்தச் சத்தம் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். கக்கூஸ் பெட்டி.

ஜன்னல் திரையை விரலால் விலக்கினாள். கையுறையும் கறுப்புக் கண்ணாடியுமாக மரிவோன் பெட்டியை இழுத்துக்கொண்டு, கோடியிலிருந்த கழிவுத் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். எஸ்கான்டும் ஜெர்மன்காரரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளை வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ரெஜிஸின் பின்னந்தலை தெரிந்தது. கிளம்பத் தயாராகிவிட்டான். வதக்கின வாசனை போவதற்காகக் கூரை ஜன்னலைத் தூக்கி விட்டிருந்தார்கள், அது இன்னும் திறந்தே இருந்தது. மடக்குப் படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பான்? ஊருக்கே காரோட்டச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதன், தன் வண்டியை ஒரு நாளாவது இறங்கிச் சுற்றிப் பார்த்ததுண்டா?

கேரவன் கிளம்புமுன் ஒருவர் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். கூரை ஜன்னல், படி, கேஸ், பின்கதவு. அவர்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் கிஸ்லேன். எல்லாம் சரியாக இருந்தால் வண்டியின் பின்சுவரில் கையால் இரண்டு தரம் தட்டுவாள். டப், டப். அது கேட்டதும் ரெஜிஸ் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுப்பான். அவள் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, நிறுத்துமிடத்து வாசலில் அவன் நிறுத்தும்போது ஏறிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் வாடகை கேரவனில் ஆரம்பித்த பழக்கம் அது. அவன் ஒரு தரம்கூட 'பார்த்தியா?' என்று கேட்டதில்லை. அந்தத் தட்டு போதும்.

கிஸ்லேன் எழுந்தாள்.

ஜெர்மன்காரரின் வண்டியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளை கேரவனுக்கு நேர் பின்னால், கண்ணாடியில் விழாத இடத்தில் போய் நின்றாள். வாசலில் கேரவன்களை உரசுகிற மாதிரி, பிளேன் என்கிற நிழல் மரத்தின் கிளை ஒன்று தாழ்ந்திருந்தது. வரும்போதே பார்த்து வைத்திருந்தாள். கூரை ஜன்னல் திறந்திருந்தால் அது பிய்ந்து போகும். படி வாசல் தூணில் இடிக்கும். அவன் வாசலில் நிறுத்தி இறங்குவான். இத்தனை கேரவன்காரர்களுக்கு நடுவில், தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அந்த வாசலில் அவனைச் சந்திப்பேன். ஒன்றும் பேச மாட்டேன். சும்மா பார்ப்பேன்.

உள்ளங்கை துறுதுறுத்தது.

டப். டப்.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு இஞ்சின் உயிர் பெற்றது. வெள்ளை கேரவன் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

"ஏய்! ஏய்! முசியே! படி! படியை மடக்கலை!" எஸ்கான்ட் நாற்காலி கவிழ எழுந்து ஓடினார். "கூரை திறந்திருக்கு!"

படி வாசல் தூணில் உரசிக் கிறீச்சிட்டது. மடாரென்று கிளை கூரை ஜன்னலைப் பிய்த்தது. மூடி கழன்று தரையில் விழுந்து உருண்டது. வாசலில் வண்டி வேகம் குறைந்தது. இப்போது நிற்கும் என்று கிஸ்லேன் புடவையை இழுத்துச் செருகுகிறவளைப் போல ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அடியெடுத்து வைத்தாள்.

நிற்கவில்லை. வாசலில் ஒரு கணம் தயங்கி, வேகம் எடுத்துச் சாலையில் ஏறி, திருப்பத்தில் மறைந்துவிட்டது.

"ரெஜிஸ்!"

கழிவுத் தொட்டிப் பக்கமிருந்து மரிவோன் ஓடி வந்தாள். ஒரு கையில் கையுறை இல்லை. இன்னொரு கையில் கக்கூஸ் பெட்டி, அதை விடாமல் இழுத்துக்கொண்டே ஓடி வந்தாள். "ரெஜிஸ்! நில்லு! நான் இங்க இருக்கேன்!"

பாதியில் நின்றாள். எதிரே அக்கா.

அந்தக் காட்சிக்காகக் கிஸ்லேன் எத்தனை ஊர் கடந்து வந்திருந்தாள்! கட்டின துணியோடு நடுவழியில் தங்கை. கையில் கக்கூஸ் பெட்டி. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கேரவன்காரர்கள். இதற்குமேல் என்ன கேட்க முடியும்?

"பெட்டி கனக்குதா?" என்றாள் கிஸ்லேன்.

மரிவோன் கண்ணாடியைக் கழற்றினாள். "நீயா தட்டினே?"

"நானேதான்."

"அக்கா... நீ என்ன பண்ணினேன்னு தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும். உன்னை நட்டாத்துல விட்டேன். அவன் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போனான் பாரு, அதை என் கண்ணால பார்த்தேன். ஆபரேஷன் பண்ணின கண்ணு, நல்லாவே தெரியுது."

"உள்ள க்ளேலியா இருக்கா."

கிஸ்லேன் சாலைத் திருப்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க வெளிய வந்தப்பதான் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தா. அப்பாகிட்டப் பேசணும்னா. எங்களோடதான் வந்து சாப்பிட்டா. 'அம்மாவும் இங்கதான் இருக்கா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்க'ன்னு கெஞ்சினா. ரெஜிஸ் யோசிச்சுச் சொல்றேன்னான். அதுக்குள்ள என்னைப் பெட்டியோட அனுப்பினான்."

கிஸ்லேன் செல்போனை எடுத்தாள். அவசரத்தில் மகளின் பெயர் அகப்படவில்லை. மரிவோன்தான் பிடுங்கி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா?" காற்றிரைச்சலுக்கு நடுவில் க்ளேலியாவின் குரல். கூரையில்தான் ஓட்டை விழுந்திருந்ததே.

"கண்ணு! அடி ஏதும் படலையே?"

"ஒண்ணுமில்ல. தட்டினது நீதானே?"

"வண்டியை நிறுத்தச் சொல்லு அவனை. உடனே."

"சொன்னேன். நிறுத்த மாட்டேங்கறார். சிரிக்கறார் அம்மா." க்ளேலியாவின் குரல் உடைந்தது. "'இது உங்கம்மா தட்டு. இதைத் தெரியாதா எனக்கு? மரிவோனுக்கு இப்படித் தட்ட வராது'ன்னு சொல்றார். சித்தி வெளியில இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தார்."

மரிவோன் மெல்ல அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிஸ்லேன் அவனைத் தெருவில் நிறுத்த வந்தாள். அவனோ ஒரு பாரத்தை இறக்கி வைக்கத் தருணம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முதலில் அக்கா, இப்போது தங்கை. இந்தத் தடவை 'கிளம்பு' என்று அவனுக்குத் தட்டிக் கொடுத்தது, பழி வாங்க வந்த கிஸ்லேனின் கை.

"நீ எங்கேயாவது சிக்னல்ல இறங்கிடு," என்றாள். "நான் வந்து கூட்டிக்கறேன்."

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது.

"க்ளேலியா?"

"அந்தப் படியில கால் வெச்சா உன் வண்டியில இடமில்லன்னு நீதானே சொன்னே? வெச்சுட்டேன் அம்மா."

"அடியே, கோவத்துல சொன்னதுடி அது..."

"எப்பவும் கோவத்துலதான் சொல்றே. இவர் எப்பவும் சிரிச்சுக்கிட்டே செய்யறார். எனக்கு ரெண்டு பேரையும் பார்க்கப் பயமா இருக்கு." பிறகு தாழ்ந்த குரலில், "கோர்த் போற பலகையைத் தாண்டிட்டார். திரும்பலை. வேற பாதையில போறார்..." தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் மணி அடிக்கவே இல்லை.

கோர்த்துக்குத் திரும்பவில்லையா? அல்பிக்கு அடுத்தது கோர்த் அல்லவா! இத்தனை ஊராக அவள் கோத்த வரிசையை விட்டு விலகாத ரெஜிஸ், முதல் முறையாக வழியை மாற்றிவிட்டான். இனி அவன் எந்த ஊரில் இருப்பான் என்று கிஸ்லேனுக்குத் தெரியாது. மகளும் அந்த வண்டியில்.

"எனக்குத் தெரியும் எங்க போறான்னு," என்றாள் மரிவோன்.

"எங்க?"

"கடலோரமா ஒரு இடம் வாங்கி வெச்சிருக்கான். கேரவனை நிறுத்திக்கிட்டுக் குளிர்காலம் முழுக்க இருக்கலாம். உன் கண் ஆபரேஷனுக்கு ரொம்ப முன்னாடியே வாங்கிட்டான். உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்."

"எந்த ஊர்?"

மரிவோன் எழுந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அக்கா தங்கை இருவருக்கும் அம்மா கொடுத்த அதே பிடிவாதமான தாடை. "உன் வண்டியில ஏத்திக்கிட்டாச் சொல்றேன். இப்பவே சொன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"உன்னை மன்னிக்க மாட்டேன் மரிவோன். செத்தாலும் மாட்டேன்."

"நான் கேக்கலையே. எனக்கும் அவன்கிட்ட ஒரு கணக்குத் தீர்க்கணும். வண்டியை எடு."

எஸ்கான்ட் உடைந்த கூரை மூடியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "இதை யார்கிட்டக் குடுக்கறது?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மரிவோன் கக்கூஸ் பெட்டியை அவர் காலடியில் நகர்த்தி வைத்தாள். "இதையும் வெச்சுக்குங்க முசியே. நாங்க வந்ததுலேர்ந்து ஆசையாப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

கிஸ்லேன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இஞ்சின் இருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கையில் க்ளேலியாவின் மேல்சட்டை கிடந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே சரளைக் கல்லில் காலடிச் சத்தம். மரிவோன் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே ஆப்புக் கட்டைகளை உருவினாள். படியை மடக்கினாள். அண்ணாந்து கூரை ஜன்னலைப் பார்த்தாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகச் செய்தாள். முதல் நாளே ரெஜிஸ் அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பான், வேறென்ன.

பின்சுவரில் சத்தம் கேட்டது.

டப். டப்.

மெல்லிய தட்டு. அவன் சொன்னது சரிதான், இவளுக்கு அப்படி வரவில்லை.

கிஸ்லேன் கியரைப் போட்டாள். கிழட்டு கேரவன் நகர்ந்தது. கண்ணாடியில் மரிவோன் தெரிந்தாள். கைப்பைகூட இல்லாமல், குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு, வாசலில் அக்கா நிறுத்துவாள் என்று நம்பி வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தாள். அவள் நடக்க நடக்க உருவம் சின்னதாகிக்கொண்டே போனது.

ஊர்ப்பேரை அவள் இன்னும் சொல்லவில்லை. அது இல்லாமல் க்ளேலியா இல்லை. கிஸ்லேனுக்கு அது தெரியாமலில்லை. மடியில் எடுத்துப் போட்டிருந்த மஞ்சள் திரைச்சீலையில் தங்கையின் செருப்புத் தடம் இன்னும் அழியாமல் இருந்தது.

வாசல் வந்தது. பிளேன் மரக் கிளை கூரையை உரசியது.

கிஸ்லேனின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.